வலப்பக்கத்து ஸ்பீக்கர்

மூன்று வாரம் கழித்துக் கிடைத்த ஒரு நாள் விடுமுறையை வலப்பக்கத்து ஸ்பீக்கர் தின்றுகொண்டிருந்தது. லாரி ஓட்டுநர் அதன் ஒயரைக் கழற்றி, முனையைச் சுரண்டி, மறுபடி மாட்டினார். மூச்சே இல்லை. இடப்பக்கத்து ஸ்பீக்கர் மட்டும் அப்பாவின் நாற்காலியை ஒட்டிப் பாடிக்கொண்டிருந்தது. அப்பா கண்ணை மூடி விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

“அப்பா, இந்த டார்ச்சைக் கொஞ்சம் பிடிங்க.”

இரண்டு தடவை கேட்டும் அந்த விரல் தாளத்தை விடவில்லை. இந்த வீட்டில் ஒரு துரும்பைக்கூட யாரும் எடுத்துப்போட மாட்டார்கள் என்று ஓட்டுநருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அடுக்களையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள்.

“அதுல ஒண்ணும் ரிப்பேர் இல்லீங்க. சத்தம் முழுக்க இடது பக்கமே வர்ற மாதிரி நான்தான் குமிழைத் திருகி வெச்சேன். மாமாவுக்கு இப்ப இடது காது மட்டுந்தானே கேக்குது.”

“எப்பலேர்ந்து?”

“ஒரு வருஷமாச்சு.”

“எங்கிட்ட யாரும் சொல்லலையே.”

“நீங்க வீட்டுல இருந்தாத்தானே சொல்றதுக்கு.”

அவர் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார். முழங்கால் வலிக்க எழுந்து, நாற்காலியைச் சுற்றிக்கொண்டு இடப்பக்கம் போய், “அப்பா” என்றார்.

அப்பா உடனே கண்ணைத் திறந்தார்.

“நீ எப்பப்பா வந்தே?”