ரெஜினாவின் தூக்கம் விழுந்த பீர்

ரெஜினாவின் தூக்கம் பீருக்குள் விழுந்துவிட்டது. மற்றபடி அந்த வீட்டில் எல்லாரும் சௌக்கியம்.

வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்களுக்கு இது நடக்கிறதுதான். டிரம்மின் மூடி திறந்திருக்கும் நேரத்தில் பக்கத்தில் எது இருக்கிறதோ அது உள்ளே விழும். தூசி விழும், பழ ஈ விழும், கண்ணுக்குத் தெரியாத கிருமி விழும். பின்தெருவில் ஒருவருக்குத் திக்குவாய் விழுந்துவிட்டது. அவர் பாட்டுக்குச் சரளமாகப் பேசிக்கொண்டு திரிந்தார். அந்த பீரைக் குடித்த விருந்தாளிகள்தான் பொங்கல் வரைக்கும் திக்கினார்கள். ஆகவே தூக்கம் விழுந்தது ஒரு பெரிய சங்கதி இல்லை. செலஸ்தினுக்கு அது தெரியாமல் போனதுதான் சங்கடம்.

செலஸ்தின் ரெஜினாவின் வீட்டுக்காரர். புதுச்சேரியில் ஒரு அலுவலகத்தில் காலமெல்லாம் கோப்பு தூக்கி ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற ஆம்பிளைகள் சிலர் கடற்கரையில் நடப்பார்கள், சிலர் அடுப்படியில் வந்து நின்றுகொண்டு கடுகு ஏன் இவ்வளவு என்று கேட்பார்கள். இவர் பீர் காய்ச்சினார். ரெஜினா அதுவே மேல் என்று விட்டுவிட்டாள்.

முதல் தடவை காற்றுப் புகுந்து பீர் முழுக்கக் காடியாகிப்போனது. அடுத்தது அழுகின முட்டை நாற்றம் அடித்தது. அதற்கடுத்ததில் மேலே வெள்ளையாக ஓர் ஆடை படிந்து, அதில் குமிழ் குமிழாக எழும்பியிருந்தது. அதையும் விடாமல் சம்பந்தி பத்ரீசுக்கு ஒரு கிளாஸ் ஊற்றிக் கொடுத்தார். பத்ரீஸ் நல்ல மனுஷர். "நல்லாத்தான் இருக்கு சம்பந்தி" என்று சொல்லிவிட்டு, இவர் அந்தப் பக்கம் திரும்பியதும் குரோட்டன்ஸ் தொட்டியில் கவிழ்த்துவிட்டார். அந்தச் செடி மறுநாளே இலையெல்லாம் கொட்டியது. செலஸ்தின் அதைப் பார்த்தார். மனசு விட்டுப்போனது.

இப்போது பேரனுக்கு ஞானஸ்நானம் வருகிறது. "விருந்துக்கு என் கையால காய்ச்சின பீருதான்" என்று சம்பந்தி வீட்டில் வாயை விட்டுவிட்டார். அதனால் இந்தத் தடவை கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வேலை பார்த்தார். டிரம், குழாய், கரண்டி, மூடி எல்லாவற்றையும் கிருமி போகக் கழுவினார். தும்மல் வந்தால் வாசலுக்கு ஓடிப் போய்த் தும்மினார். பார்லியை முளைகட்டி வறுத்த மால்ட்டைக் காய்ச்சி ஆறவைத்து, புளிக்க வைக்கிற ஈஸ்ட்டைத் தூவினார். மறுநாள் காலை மூடியில் செருகியிருந்த காற்றுக்குழாயில் ப்ளக், ப்ளக் என்று குமிழ் விட ஆரம்பித்ததும் மனுஷருக்குத் தலைகால் புரியவில்லை.

எல்லாம் சரிதான், ஆனால் அவருக்கு ஒரு கெட்ட பழக்கம். மூடியைத் திறந்து திறந்து பார்ப்பார். பீர் காய்ச்சுகிற எல்லாருக்கும் இந்த அரிப்பு உண்டு. அன்று மத்தியானமும் திறந்தார். பழவாசனை குப்பென்று வந்தது. "ரெஜி! ரெஜி! ஓடியா, மோந்து பாரு!" என்று கூப்பாடு போட்டார். வீட்டில் தையல் வேலை பார்க்கிற ரெஜினா, கல்யாண வீட்டு ஜாக்கெட்டுகளைத் தைத்துத் தைத்து அசந்துபோய், அப்போதுதான் கட்டையைச் சாய்க்கப் போனாள். கூப்பிடுகிறாரே என்று வந்து குனிந்தாள். குனிந்த இடத்தில் ஒரு பெரிய கொட்டாவி வந்தது.

அதற்கப்புறம் குமிழ் நின்றுபோனது.

செலஸ்தின் சும்மா இருப்பாரா? குளிர் தாக்கியிருக்கும் என்று டிரம்மை அடுப்பங்கரைக்கு நகர்த்தினார். போர்வை சுற்றினார். அடியில் தங்கின ஈஸ்ட் எழும்பட்டும் என்று டிரம்மைப் பிடித்து லேசாக ஆட்டினார். ஆட்ட ஆட்ட அது இன்னும் அமைதியானது.

ரெஜினா அன்றிலிருந்து முழித்துக்கொண்டிருந்தாள். டீயில் சர்க்கரைக்குப் பதிலாக உப்பைப் போட்டாள். ஒரு ஜாக்கெட்டின் கையைக் கழுத்தில் வைத்துத் தைத்தாள். தைக்கக் கொடுத்த அம்மாவும் போட்டுப் பார்த்து, பிடிப்பாகத்தான் இருக்கிறது என்று வாங்கிப் போனார்கள். ரெஜினாவுக்குக் கண் இரண்டும் சிவந்து கிடந்தது. "என்ன ரெஜி கண்ணு?" என்று கேட்டால், "வெயிலுங்க" என்றாள். கார்த்திகை மாசத்து மழை ஜன்னலில் அடித்துக்கொண்டிருந்தது. செலஸ்தினின் நினைப்பெல்லாம் டிரம்மில் இருந்ததால் அவரும் சரி என்று தலையாட்டிவிட்டார்.

கடைசியில் மால்ட் விற்கிற பிரமிளாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். பிரமிளா வந்த கையோடு மூடியில் காதை வைத்தாள்.

"மூடியைத் திறந்தீங்களாண்ணே?"

"ஒரே ஒரு தடவைதாம்மா."

"ஒரு நாளைக்கா?"

செலஸ்தின் டிரம்மில் இல்லாத தூசியைத் துடைத்தார்.

"தூக்கம் விழுந்திருக்கு" என்றாள் பிரமிளா. "நல்ல ஆழமான தூக்கம். ஈஸ்ட்டெல்லாம் அதுல சொக்கிப்போய்க் கிடக்குது. யார்துன்னு பாருங்க."

செலஸ்தின் காதை வைத்தார். உள்ளே குமிழ் இல்லை. நீளமாக ஒரு மூச்சு வந்தது, கொஞ்சம் நின்றது, முடிகிற இடத்தில் மெல்ல ஒரு விசில் அடித்தது. அவர் வேறு யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்திருக்கும்போதெல்லாம் பக்கத்தில் கேட்கிற விசில்தான். காதை எடுக்க மனசு வராமல் அப்படியே கொஞ்ச நேரம் நின்றார்.

பிரமிளா ஒரு புது ஈஸ்ட் பொட்டலத்தை மேஜைமேல் வைத்தாள். "இது முரட்டு ஈஸ்ட்டுண்ணே. போட்டீங்கன்னா தூக்கத்தையும் சேர்த்துத் தின்னுடும். பீரு பிரமாதமா வரும். தூக்கம் திரும்பி வராது. தூக்கம் வேணும்னா மூடியைத் திறந்து வெச்சுட்டு, அதுக்குச் சொந்தக்காரங்களைப் பக்கத்துல படுக்க வைங்க. அதுவா வெளிய வந்துடும். ஆனா அவ்ளோ நேரம் திறந்து கிடந்தா பீருக்கு நான் பொறுப்பில்ல." சொல்லிவிட்டு, ரெஜினா கொடுத்த உப்பு டீயை மடமடவென்று குடித்துவிட்டுக் கிளம்பினாள்.

செலஸ்தின் மெல்லப் பெண்டாட்டி பக்கம் திரும்பினார்.

"உனக்குத் தெரியுமா ரெஜி?"

"தெரியும்" என்றாள். "கொட்டாவி விட்டேன், டொபக்குனு சத்தம் கேட்டுச்சு. குனிஞ்சு பார்த்தா அடியில போய்ப் படுத்துக்கிச்சு."

"ஏண்டி சொல்லல?"

"சொன்னா கொட்டிருவீங்க. மூணு தடவ கொட்டினப்ப உங்க மூஞ்சியப் பார்த்தவ நான். அன்னைக்குத்தான் சின்னப் புள்ளயாட்டம் குதிச்சீங்க." தைத்துக்கொண்டிருந்த துணியை மடித்து வைத்தாள். "எனக்கு என்ன போச்சு? முழிச்சுக் கிடந்தா நாலு ஜாக்கெட் சேர்த்துத் தைப்பேன். அந்தப் பொட்டலத்தைப் போடுங்க. புள்ளைக்கு ஒரு தடவைதான் ஞானஸ்நானம்."

செலஸ்தினுக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம். "போடி பைத்தியக்காரி" என்றார். பொட்டலத்தை எடுத்து அலமாரிக்கு மேலே, அவள் கைக்கு எட்டாத இடத்தில் வைத்தார். பிறகு போர்வையை அவிழ்த்து, மூடியைக் கழற்றித் தரையில் வைத்தார். இதுவரை எத்தனையோ தடவை திறந்திருக்கிறார். திறந்ததை மூடாமல் விட்டது இந்தத் தடவைதான்.

டிரம்முக்குப் பக்கத்தில் பாயை விரித்தார்கள். ரெஜினா படுத்தாள். செலஸ்தின் டிரம்முக்கு அந்தப் பக்கம் சப்பணம் போட்டு உட்கார்ந்து, இமை கொட்டாமல் பார்த்தார். மழை விட்டு வெயில் வந்தது. தூக்கம் விளிம்பு வரைக்கும் வந்து எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி அடிக்கே போனது. ஒரு பழ ஈ உள்ளே இறங்கியது. அவர் அதை விரட்டவில்லை.

"வர மாட்டேங்குதே ரெஜி."

"எப்படி வரும்? நீங்க முழிச்சுக்கிட்டு இருக்கீங்களே."

"நான் முழிச்சிருந்தா அதுக்கு என்னவாம்?"

"நீங்க தூங்கினப்புறம்தான் அது வரும். கல்யாணமான நாள்லேர்ந்து அப்படித்தான் பழக்கியிருக்கேன். நீங்க குறட்டை விடணும், கதவு பூட்டியாச்சான்னு நான் ஒரு தடவ பார்க்கணும், அப்புறம்தான் வரும்."

செலஸ்தினுக்கு இது புதுச் செய்தி. அந்த நேரத்தில் அவர் ஒருநாளும் முழித்திருந்ததில்லை, எப்படித் தெரியும்? அவர் எழுந்து இந்தப் பக்கம் வந்தார். பாயில் அவளுக்குப் பக்கத்தில் படுத்தார். தூங்க வேண்டும் என்று கட்டாயம் வந்தால் தூக்கம் எங்கே வருகிறது? கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். பத்ரீஸ் முகம் வந்தது, குரோட்டன்ஸ் வந்தது, விருந்துப் பந்தியில் காலி கிளாஸை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவர்கள் எல்லாரும் வந்தார்கள். ரெஜினா எட்டி அவர் காதைத் தடவிவிட்டாள்.

"கதவைப் பூட்டியாச்சாங்க?"

"நான் எழுந்து பார்க்கறேன் இரு."

"நீங்க பார்க்காதீங்க. அது என் வேலை. நீங்க தூங்குங்க."

தூங்கிவிட்டார்.

அவர் கண் விழித்தபோது பொழுது சாய்ந்திருந்தது. முதலில் விசில் கேட்டது. டிரம்மிலிருந்து இல்லை, பக்கத்திலிருந்து. ரெஜினா வாயைத் திறந்தபடி, ஒரு கையை அவர் மார்மேல் போட்டுக்கொண்டு, அடித்துப் போட்ட மாதிரி தூங்கிக்கொண்டிருந்தாள். கைவிரல்களில் நூல் அறுத்த தழும்பு தெரிந்தது. செலஸ்தின் அந்தக் கையை நகர்த்தவில்லை. வந்த கண்ணீரைத் துடைக்க வேறு கை இருந்தும் துடைக்கவில்லை. காதுக்குள் வழிந்துவிட்டுப் போகட்டும் என்று கிடந்தார்.

பிறகுதான் பீரைப் பார்த்தார். தூக்கம் போனதும் அது நன்றாக முழித்துக்கொண்டிருந்தது. நுரை டிரம்மை விட்டு எழும்பி, விளிம்பைத் தாண்டி, அலமாரியைப் பிடித்துக்கொண்டு ஏறி, ஜன்னல் வரைக்கும் போயிருந்தது. மேற்கு வெயில் நேராக ரெஜினாவின் கண்ணில் விழுகிற நேரம் அது. நுரை ஜன்னல் கம்பிகளுக்கு நடுவில் அகலமாக விரிந்து, வெயிலை மறைத்துக்கொண்டு நின்றது. சத்தம் வரக் கூடாதென்று குமிழ்களை ஒவ்வொன்றாக, பொத்திப் பொத்தி உடைத்துக்கொண்டிருந்தது.

நெற்றியில் மட்டும் ஒரு கீற்று வெயில் மிச்சம் இருந்தது.

"இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம்" என்றார் செலஸ்தின், குரலைத் தாழ்த்தி.

நுரை நகர்ந்து நின்றது.

"அவ்வளவுதான், போதும்" என்றார். நுரை கீழே ஒரு முனையை நீட்டி, கழன்று கிடந்த போர்வையை இழுத்து இரண்டு பேர் காலையும் மூடியது. வாசலில் யாரோ ஜாக்கெட் வாங்க வந்து கதவைத் தட்டினார்கள். அவர் எழுந்திருக்கப் பார்த்தார். அதற்குள் பீரே போய்த் தாழ்ப்பாளை எடுத்து, நாளைக்கு வரச் சொல்லி அனுப்பிவிட்டு வந்தது.