இஞ்சேருங்க

மொக்கையன் அந்தக் குட்டியைக் காகிதக் கட்டு வந்த பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்தான். நாங்கள் இருவரும் மேலமாசி வீதியில் ஒரே அச்சகத்தில் வேலை பார்த்தோம். அவன் மிஷின் ஓட்டுகிறவன். நான் புரூப் திருத்துகிறவன். எங்கள் வாசலில் இறக்கிவிட்டதும் குட்டி குரைக்கவில்லை, ஓடவுமில்லை. சுவரோரமாகப் போய் உட்கார்ந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தது. மொக்கையன் அதைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான், மறுபடி அதைப் பார்த்தான்.

“அப்படியே நீதான் மாப்ள,” என்றான். “இதுக்கு வேற பேரு தேட வேண்டாம். மலையாண்டி.”

மலையாண்டி என்பது என் பெயர். என் மனைவி ஜெயக்கொடி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவன் மோர் குடித்துவிட்டுப் போனான். சிக்கல் அதற்குப் பிறகுதான் தெரிந்தது.

ஜெயக்கொடி உசிலம்பட்டிப் பக்கத்துப் பெண். புருஷன் பெயரைச் சொன்னால் அவனுடைய ஆயுசு குறையும் என்று கேட்டு வளர்ந்தவள். கல்யாணமான நாளிலிருந்து என் பெயர் அவள் வாயில் வந்ததில்லை. பழனிக்குப் போனபோதுகூட “மேல இருக்கவரே” என்றுதான் சாமியைக் கும்பிட்டாள். யாராவது வீட்டுக்காரர் பெயர் கேட்டால் அவளிடம் ஒரு வழி இருந்தது. எங்கள் வீடு காளவாசல் சூளைகளுக்குப் பக்கம். மேற்கே பார்த்தால் நாகமலை தெரியும். முதலில் அந்த மலையைக் கையால் காட்டுவாள். அப்புறம் ஆண்டிப்பண்டாரம் பிச்சை கேட்பதுபோல் உள்ளங்கையை நீட்டுவாள். கேட்டவர்கள் சேர்த்துப் படித்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் தட்டில் சோறு வைத்துவிட்டு நாயிடம் போய் மலையைக் காட்டிக்கொண்டிருக்க முடியாது. வேறு பெயர் வைக்கலாம் என்றேன். வைத்த பெயரை மாற்றினால் அதுவும் ஆகாதாம். ஆகவே பெயரே இல்லாமல் கூப்பிட்டாள். என்னையும் அப்படித்தான் கூப்பிடுவாள்: “இஞ்சேருங்க.” ‘இங்கே பாருங்கள்’ என்பது தேய்ந்து வந்த சொல். முதலில் நாயை “இஞ்சேரு” என்றுதான் ஆரம்பித்தாள். என் பெயரைச் சுமக்கிற ஒன்றை வா போ என்று சொல்ல மனசு கேட்கவில்லை. ஒரு வாரத்தில் நாய்க்கும் மரியாதை வந்துவிட்டது. “இஞ்சேருங்க, சோத்தைக் கொட்டாமத் தின்னுங்க” என்று அடுப்படியிலிருந்து குரல் வரும். பாதி நேரம் யாருக்குச் சொல்கிறாள் என்று எனக்கே தெரியாது.

எனக்கு அதிகம் பேச வராது. நாள் முழுதும் பிறர் எழுதிய சொற்களில் பிழை தேடிவிட்டு வந்தால், சொற்கள் இல்லாத இடத்தில் கொஞ்ச நேரம் இருக்கத் தோன்றும். ஜன்னலோரம் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். ஜெயக்கொடிக்கு அது குறையாகத் தெரியவில்லை. என் மௌனம் அவளுக்கு வீட்டில் இன்னொரு அறைபோல. முருங்கைக்கீரையை எடுத்துக்கொண்டு வந்து அதற்குள் உட்கார்ந்து உருவுவாள்.

நாயும் அப்படியே இருக்கும் என்று நினைத்தோம். மொக்கையன் கண்ட மௌனம் முதல் நாள் பயம்தான். பயம் தெளிந்ததும் அது வேறு பிறவியாகிவிட்டது. வீட்டுக்கு வருகிறவர்களின் வலதுகால் செருப்பை மட்டும் தூக்கிக்கொண்டுபோய் விறகு அடுக்குக்குள் ஒளிக்கும். இடதுகாலைத் தொடவே தொடாது. அதனால் எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் நினைத்ததைவிட அதிக நேரம் இருந்துவிட்டுப் போனார்கள். பக்கத்து வீட்டுப் பாண்டியம்மாளக்கா காயவைத்த கருவாடு அடிக்கடி குறைந்தது. ஒருநாள் நான் திருத்தக் கொண்டுவந்த புரூப் தாள் ஒன்றின் மூலையைத் தின்றுவிட்டது. அந்த மூலையில்தான் ஒரு வேண்டாத சொல் இருந்தது. அடித்துவிடலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்த சொல். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

இன்னொன்றையும் கவனித்திருந்தேன். ஜெயக்கொடி “இஞ்சேருங்க” என்றதும் நான் புத்தகத்தில் அடையாளம் வைத்து எழுந்து போவதற்குள் நாய் அங்கே போய் நின்றிருக்கும். அதுதான் தன் பெயர் என்று நாய் முடிவு செய்துவிட்டது. உண்மையான பெயரைச் சொல்லி அதை யாரும் கூப்பிட்டதில்லை. அவள் சொல்ல மாட்டாள். என் பெயரை நானே சொல்லிக் கூப்பிட எனக்குக் கூச்சம், விரலைச் சொடுக்குவேன். என்மேல் உள்ள மதிப்பில் தெருக்காரர்கள் “ஏ நாயி” என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். தன் பெயர் இன்னதென்று தெரியாத ஒரு மலையாண்டி எங்கள் வீட்டில் வளர்ந்தது. ஜெயக்கொடிக்கு இது தோன்றவில்லை. சொல்லவேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை.

அந்தக் கோடையில் வெறிநாய்க் கடி அதிகமானது. கழுத்தில் பட்டை இல்லாத நாய்களை முனிசிபாலிட்டி பிடித்துக்கொண்டுபோகும் என்று தமுக்கு அடித்துச் சொன்னார்கள். போன நாய் திரும்பாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஜெயக்கொடி அன்றைக்கே ஒரு தோல்பட்டை வாங்கிக் கட்டினாள். தினமும் காலையில் எழுந்ததும் அதன் கழுத்தைத்தான் முதலில் தடவிப் பார்ப்பாள்.

அப்படியும் ஒரு சாயங்காலம் நடந்துவிட்டது. நாய் செங்கல் சூளைச் சாம்பலில் புரண்டுவிட்டு வந்திருக்கிறது. குளிப்பாட்டுவதற்காக அவள் பட்டையைக் கழற்றிச் சுவர்மேல் வைத்தாள். இரண்டு செம்பு தண்ணீர் ஊற்றுவதற்குள் அது கையிலிருந்து வழுக்கித் தெருவுக்கு ஓடிவிட்டது. ஈரக் கையோடு அவள் வெளியே வந்தபோது, கூண்டு வைத்த மாட்டுவண்டி முக்கில் நின்றது. செவலை நிறத்தில் எங்கள் நாய் கூண்டுக்குள், மற்ற நாய்களுக்குப் பின்னால் இருந்தது.

நான் வருவதற்கு முன் நடந்ததைப் பாண்டியம்மாளக்கா பிற்பாடு எனக்குச் சொன்னாள். வண்டிக்காரர் பெயர் தவசி. கெட்டவர் இல்லை. அது தன் நாய்தான் என்று ஜெயக்கொடி அழுதபோது பொறுமையாகவே கேட்டிருக்கிறார். அக்கா முன்னால் வந்து, “கருவாடு பறிகொடுத்தவ நானே சொல்றேன், அவ நாயிதான்” என்று சாட்சி சொல்லியிருக்கிறாள். போன தெருவிலும் இப்படித்தான் சாட்சி சொல்லி அடுத்தவன் நாயை ஒருத்தர் கூட்டிப்போய்விட்டார், அதற்குத் திட்டு வாங்கியதோ தான்தான் என்றார் தவசி.

“உன் நாயின்னா பேரைச் சொல்லிக் கூப்புடு தாயி. வந்துச்சுன்னா தெறந்து விட்டுர்றேன்.”

ஜெயக்கொடி நாகமலையைக் காட்டினாள். பிறகு உள்ளங்கையை நீட்டினாள்.

தவசி மலையைத் திரும்பிப் பார்த்தார், கையைப் பார்த்தார், மடியிலிருந்து காலணாவை எடுத்து அந்தக் கையில் வைத்தார்.

தெரு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. அக்கா விஷயத்தைப் புரியவைத்தபோது தவசியும் சங்கடப்பட்டார். ஆனால் வேலை வேலைதான் என்று மாட்டைத் தட்டிவிட்டார். சக்கரம் ஒரு உருட்டு உருண்டது.

அந்த நேரத்தில்தான் நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தெருமுனைக்கு வந்தேன்.

“மலையாண்டி!”

ஒரு பெண் குரல். என் பெயரை அந்தக் குரலில் நான் கேட்டதே இல்லை; ஆனால் அந்தக் குரலை நான் தினமும் கேட்டுக்கொண்டிருந்தேன். இரண்டும் ஒன்றாகச் சேர்ந்து வந்தபோது யாருடையது என்று ஒரு கணம் விளங்கவில்லை. புத்தகங்களில் எத்தனையோ சொற்களைப் பார்த்திருக்கிறேன். என் பெயர் இவ்வளவு நல்ல சொல் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

“மலையாண்டி, வா!”

“வாரேன்,” என்றேன். என்னை அறியாமல் சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

தெரு முழுதும் திரும்பிப் பார்த்தது. கூண்டுக்குள் நாய் மட்டும் திரும்பவில்லை. முதல் நாள் எங்கள் வாசலில் உட்கார்ந்திருந்ததுபோலவே, காலுக்கு நடுவே தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“நாயி வரலையே தாயி,” என்றார் தவசி. “ஆளுல்ல வந்திருக்காரு.”

ஜெயக்கொடி என் பக்கம் திரும்பினாள். கடைசியாகக் கையில் இருந்ததையும் போட்டுத் தோற்றவள் முகம். சொல்லக்கூடாததைச் சொல்லியும் பலிக்கவில்லை. சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டுக் கூண்டுக்குப் பக்கத்தில் போனேன். என்ன செய்யவேண்டும் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். அதைச் செய்யும் துணிச்சல்தான் தேவைப்பட்டது. இரண்டு பேர் சேர்ந்து நின்றால் நான் பேசமாட்டேன். அங்கே தெருவே நின்றது.

“இஞ்சேருங்க,” என்றேன்.

மெதுவாகத்தான் வந்தது. நாயின் ஒரு காது மட்டும் அசைந்தது. அவள் சொல்லும்போது கடைசியில் ஒரு இழுப்பு இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு, அந்த இழுப்போடு, அவள் குரலுக்கு எவ்வளவு கிட்டே போகமுடியுமோ அவ்வளவு போய்ச் சொன்னேன்:

“இஞ்சேருங்க… கஞ்சி ஆறுது.”

மற்ற நாய்களின் முதுகில் ஏறி மிதித்துக்கொண்டு அது கம்பிக்கு வந்து விழுந்தது. வால் மட்டுமல்ல, இடுப்பே ஆடியது. தெருவில் சிரிப்பு எழுந்து அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பாண்டியம்மாளக்கா தரையில் உட்கார்ந்துவிட்டாள். தவசி கண்ணைத் துடைத்துக்கொண்டே தாழ்ப்பாளை நீக்கினார்.

“நாய்க்கா அண்ணே இம்புட்டு மரியாதை?” என்றார்.

நாய் குதித்து இறங்கியது. என்னிடம் வரவில்லை, அவளிடமும் போகவில்லை. வண்டிச் சக்கரத்தோரம் அவர் கழற்றிப் போட்டிருந்த செருப்புகளில் வலதுகாலை எடுத்துக்கொண்டு நேராக வீட்டுக்குள் ஓடியது.

அதனால் தவசியும் எங்கள் வீட்டுக்கு வந்தார். விறகு அடுக்கைப் பிரித்துச் செருப்பைத் தேடும்வரை மோர் குடித்தார். அதற்குள்ளிருந்து மொக்கையனுடைய பழைய செருப்பும் கிடைத்தது. காலணாவை ஜெயக்கொடி திருப்பிக் கொடுத்தபோது நாய்க்குப் பொரி வாங்கிப் போடச் சொல்லிவிட்டார். பட்டை மறுபடி கழுத்தில் ஏறுவதைக் கண்ணால் பார்த்த பிறகே கிளம்பினார்.

அப்புறம் வீட்டில் வழக்கமான அமைதி. சூளைப் புகை வெயிலோடு சேர்ந்து மஞ்சளாக இறங்கிக்கொண்டிருந்தது. நான் ஜன்னலோரம் உட்கார்ந்து புத்தகத்தை விரித்தேன். ஒரு வரியும் படிக்கவில்லை. அவள் முறத்தை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். கீரையை உருவினாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

“இன்னொரு தரம் கூப்பிடு,” என்றேன்.

அவள் கை நின்றது. “ஆயுசு குறையுமுல்ல.”

“அப்ப சொன்னியே.”

“உங்களையா கூப்புட்டேன்? நாயைத்தான கூப்புட்டேன்.” கொஞ்சம் யோசித்துவிட்டு, “நாயைக் கூப்புட்டா ஒண்ணும் ஆகாது” என்றாள்.

மறுநாள் அவள் கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நாய் அவள் காலடியிலேயே படுத்திருந்தது. நான் உள்ளே படித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் கிடக்கிற நாயைக் கூப்பிட வேண்டிய அவசியமே இல்லை. அவள் சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டு, ஜன்னல் பக்கமாக, மெதுவாகக் கூப்பிட்டாள்.

நாய் தலையைத் தூக்கவில்லை. நான் புத்தகத்தில் அடையாளம் வைக்க மறந்து எழுந்து போனேன்.