தோணியின் அடிப்பலகை

கொழும்புக்கு ஓடு ஏற்றிப் போன தோணி மூழ்கியதில் ஆறு பேர் செத்தார்கள். ஒருவர் உடலும் கரைக்கு வரவில்லை. தோணியை நடத்திப் போன தண்டல் மரியான் அளவுக்கு மேல் பாரம் ஏற்றியதுதான் காரணம் என்று முதலாளி ஜீவமணி சொன்னார். செத்தவன் எழுந்து வந்து மறுக்கவா போகிறான்? மற்ற ஐந்து வீட்டாரும் அதை அப்படியே நம்பினார்கள். கோயிலில் மரியானின் அக்கா பிளாரன்ஸ் முழந்தாளிட்டால் பக்கத்திலிருந்த பெண்கள் எழுந்து தள்ளிப் போனார்கள்.

அது 1946. விசாரணைக்குச் சென்னையிலிருந்து ஓர் அதிகாரி வருவதாக இருந்தது. அவர் தோணியைக் கண்ணால் கண்டதில்லை. கடலடியில் கிடப்பதைக் காட்டவும் முடியாது. அதனால், புறப்பட்ட அன்று தோணி எப்படி இருந்ததோ அப்படியே மரத்தில் சின்னதாக ஒன்று செய்து தரும்படி உத்தரவு வந்தது. அது ஓடாவி ரோச்சின் தலையில் விழுந்தது. தோணிகளுக்குப் பலகை மாற்றுவது அவன் தொழில். ஜீவமணியின் பட்டறையில்தான் அவனுக்குச் சோறு. அறுபதடித் தோணியில் பழகிய கைக்கு இரண்டரை அடித் தோணி அடங்கவில்லை. முதலில் செய்தது கோணிக்கொண்டது. அடுத்தது சாயம் திரண்டு சொறிபிடித்த மாதிரி ஆனது.

வெட்கத்தை விட்டுவிட்டு பிளாரன்ஸிடம் போனான். அவள் கோயில் சுரூபங்களுக்கும் கிறிஸ்மஸ் குடில் பொம்மைகளுக்கும் வர்ணம் தீட்டுகிறவள்.

"ஏலே, தோணிக்குக் கீல் அடிக்க மாதிரி அப்பாத," என்றாள். "தண்ணியா கரைச்சு ரெண்டு தடவ அடி. மொதப் பூச்சு காஞ்ச பொறவுதான் அடுத்தது. கடக்காத்து பட்டா உப்பு பூத்துரும், சன்னல சாத்திக்க. கறுப்ப அப்படியே அடிக்காத. சின்ன சாமானுக்கு அது ரொம்பக் கறுப்பு, துளி வெள்ளை சேத்துக்க. பாய்மரத்தக் கடைசியில நடு. இல்லன்னா கைபட்டு ஒடிஞ்சிரும்."

"சரிக்கா."

"அழகா வரணும்லே. அசிங்கமா இருந்தா, எந்தம்பி தோணிய வச்சிருந்த லட்சணமும் இதுதான்னு அந்த அதிகாரி நெனச்சிருவாரு."

ரோச்சுக்கு ஒன்று தெரியும். தோணியின் அடியில், இடப்பக்கம், ஒரு பலகை பூச்சி அரித்து நீளவாக்கில் பிளந்திருந்தது. மாற்ற வேண்டும் என்று அவன் சொன்னபோது, "இந்த நடை போயிட்டு வரட்டும்," என்றார் ஜீவமணி. பிளவில் பஞ்சைத் திணித்துக் கீலைத் தடவி அனுப்பிவைத்தான். பாரம் சரியாகத்தான் இருந்தது. பலகைதான் சரியில்லை.

இதை வாய்விட்டுச் சொன்னால் பட்டறை வேலை போகும். வேறெந்த முதலாளியும் சேர்க்க மாட்டார். ஆகவே நம்மாள் ஒரு தந்திரம் கண்டுபிடித்தான். மூன்றாவதாகச் செய்த தோணியில், அதே இடத்தில், அதே பிளவை உளியால் வெட்டினான். அதிகாரி திருப்பிப் பார்ப்பார், இது என்னவென்று கேட்பார், அரசாங்கம் கேட்டால் பதில் சொல்லித்தானே ஆகவேண்டும் என்று கணக்குப் போட்டான். வாய் இருக்கிறவன் மரக்கட்டையைப் பேசச் சொன்னான். அவனை நினைத்தால் எனக்கு இன்றும் ஆத்திரமாக வருகிறது.

கடைசிப் பூச்சைத் தானே தீட்டுவதாக பிளாரன்ஸ் கேட்டு வாங்கிக்கொண்டாள். பிளவைப் பற்றி அவன் மூச்சு விடவில்லை. சொன்னால் அன்றைக்கே ஜீவமணி வாசலில் போய் மண்ணை வாரித் தூற்றுவாள் என்று பயந்தான்.

அவள் பிளவைப் பார்த்தாள். புதுக்கை, உளி வழுக்கியிருக்கிறது, பாவம் என்று நினைத்தாள். சுரூபத்தில் விரிசல் கண்டால் என்ன செய்வாளோ அதைச் செய்தாள். மரத்தூளைப் பசையில் குழைத்து மக்கு வைத்து அடைத்தாள், வழவழப்பாகத் தேய்த்தாள், இரண்டு பூச்சு பூசினாள். தம்பிக்காகச் செய்கிற வேலை அல்லவா, பார்த்துப் பார்த்துச் செய்தாள். கைபடாமல் துணியில் சுற்றித் தானே கொண்டுபோய், விசாரணை நடக்க இருந்த அலுவலகத்தில் கொடுத்தாள்.

விசாரணையில் அதிகாரி, ரோச் எதிர்பார்த்தபடியே, தோணியைத் தூக்கித் திருப்பினார்.

"அடியெல்லாம் நன்றாகத்தானே இருந்திருக்கிறது?"

"வருசா வருசம் பாக்கது சார்," என்றார் ஜீவமணி.

அதிகாரி ரோச்சைப் பார்த்தார். "இப்படித்தான் இருந்ததா?"

ரோச் பிளவைத் தேடினான். காணோம். பின்பெஞ்சில் பிளாரன்ஸ் அவனைப் பார்த்துச் சிரித்தாள்.

"ஆமாய்யா," என்றான்.

தண்டல் மரியானின் பிழை என்று முடிவானது.

வெளியே வந்ததும் ரோச் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவள் அழவில்லை, ஏசவும் இல்லை. அவன் மணிக்கட்டைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனாள். அதிகாரியின் கார் போய்விட்டிருந்தது. குமாஸ்தா காகிதங்களைக் கட்டிக்கொண்டிருந்தார். மேசையிலிருந்த தோணியைக் கவிழ்த்து, கொண்டை ஊசியால் சுரண்டினாள். சாயம் உரிந்தது, மக்கு பொடிந்து உதிர்ந்தது, பிளவு தெரிந்தது.

"இங்கன பாருங்க சார். இதான் உள்ளது. இவங்கிட்ட கேளுங்க."

குமாஸ்தா ரோச்சைப் பார்த்தார். வாசற்படியில் சுருட்டுப் பற்றவைத்துக்கொண்டிருந்த ஜீவமணியும் பார்த்தார்.

"சொல்லுலே," என்றாள்.

ரோச் தரையைப் பார்த்தான்.

"ஏலே, ஆறு உசுருலே. சொல்லு."

குமாஸ்தாவுக்குப் பொறுமை போய்விட்டது. அவளை வெளியே போகச் சொன்னார். போகாததால் பியூனைக் கூப்பிட்டார். அவள் போன பிறகு தோணியை எடுத்து ரோச்சிடம் நீட்டினார்.

"ரிப்போர்ட்டோட மெட்ராசுக்குப் போக வேண்டிய சாமான். கெடுத்து வச்சுட்டுப் போயிட்டா. நாளைக்குள்ள சரிபண்ணிக் கொண்டாரும்."

ரோச் அதை வீட்டுக்குக் கொண்டுபோனான். சன்னலைச் சாத்தினான். மக்கு குழைத்துப் பிளவை அடைத்துத் தேய்த்தான். கறுப்பில் துளி வெள்ளை சேர்த்து, தண்ணியாகக் கரைத்து, முதல் பூச்சு காய்ந்த பிறகு அடுத்ததை அடித்தான். இந்த முறை ஓரிடத்திலும் சாயம் திரளவில்லை. மறுநாள் குமாஸ்தா விளக்கடியில் வைத்து நன்றாகப் பார்த்துவிட்டு, வேலை சுத்தம் என்றார்.