சாய ஆள் தேடிய ரப்பர்

ஜெகதீசனின் வெள்ளை கான்டெஸா கார், ஆள் ஏறாமல், சாவி போடாமல், ஒரு வெள்ளிக்கிழமை கடல்மட்டம் ஏறுகிற நேரத்தில் தண்டையார்பேட்டைச் சந்திலிருந்து தானாக உருண்டுபோய், மெயின் ரோட்டில் நின்ற கன்டெய்னர் லாரியின் மேல் முன்பம்பரைச் சாய்த்து நின்றுகொண்டது. இடிக்கவில்லை, ஒரு கீறல்கூட இல்லை. லாரி கிளம்பியதும் அடுத்த லாரியைத் தேடிப் போனது. முதல் வாரம் வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடியது. அடுத்த வாரம் டிராபிக் போலீஸ்காரர் அதற்கென்று ஓரமாக இடம் ஒதுக்கிவிட்டு மற்ற வண்டிகளைத் திருப்பிவிட்டார். ஆனால் அது கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்குப் போகிற வண்டி. மாப்பிள்ளையை உட்காரவைத்துக்கொண்டு போய் கிரேன்மேல் சாய்ந்து நின்றால் அப்புறம் யார் கூப்பிடுவார்கள்? ஜெகதீசன் நேரே இஷ்ரத்தின் பட்டறைக்கு வந்தான்.

"இன்னாக்கா வெச்ச வண்டில? ஹேண்ட் பிரேக்கு போட்டும் போய்க்கினே கீது."

"ரப்பர்தான் வெச்சேன்," என்றாள் இஷ்ரத்.

பழைய கார்களின் பம்பர் ரப்பர் வேலைக்கு இந்தப் பக்கத்தில் அவளை விட்டால் ஆள் கிடையாது. புதுப்பேட்டைக் கடைகள் கைவிரித்த பட்டையைக்கூட எங்கிருந்தாவது பிடித்து வந்துவிடுவாள். அதுவும் கிடைக்காவிட்டால் வேறு ரப்பரை அதே வடிவத்துக்கு அறுத்து, வெந்நீரில் போட்டு வளைத்து, சோப்புத் தண்ணீர் தடவி பம்பரின் காடிப் பள்ளத்தில் நுழைத்துவிடுவாள். கான்டெஸாவுக்கு அப்படித்தான் சாத்தாங்காட்டுப் பழைய இரும்புக் கடை அலெக்ஸாண்டரிடம் ஒரு கறுப்பு ரப்பர் கட்டையை வாங்கினாள். எதிலிருந்து கழற்றியது என்று எப்போதும் கேட்பவள், அன்று கேட்கவில்லை. அன்று அவள் மனசு கடையிலேயே இல்லை.

மனசெல்லாம் மஜீதிடம் இருந்தது. அவள் புருஷன் மஜீது சரக்குக் கப்பலில் ஃபிட்டர். கல்யாணமாகி எத்தனையோ வருஷம் ஆகியும், இருவரும் ஒரே கூரையின் கீழ் இருந்த நாட்களைக் கூட்டிப் பார்த்தால் இரண்டு வருஷம் தேறாது. இனி கப்பலே வேண்டாம் என்று இந்தமுறை வந்தவன்தான். ஆனால் தரை அவனுக்கு ஒத்துவரவில்லை. உட்கார்ந்தால் எழுவான், எழுந்தால் ராயபுரத்திலிருந்து எண்ணூர்வரை நடந்துவிட்டுத் திரும்புவான், சோற்றை நின்றுகொண்டே தின்பான். படுத்தால் அரைமணி நேரம் தாங்காது. வீட்டில் இருக்கும் கொஞ்ச நேரத்திலும் உப்பு டப்பா எங்கே இருக்க வேண்டும், ஃபேன் எந்த வேகத்தில் ஓட வேண்டும் என்று இருவருக்கும் முட்டல்தான். "இந்தத் தரை ஆடாம நிக்குது பாரு, அதான் எனக்குத் தலைய சுத்துது," என்றான் ஒருநாள். ஜெகதீசன் வந்த வாரம்தான் கப்பலுக்கு ஆள் எடுக்கும் ஏஜென்ட்டைப் பார்த்துப் பேசி, வருகிற திங்கட்கிழமை வேறொரு கப்பலில் ஏறுவதாகச் சொல்லிவிட்டு வந்தான். இஷ்ரத் போகாதே என்று சொல்லவில்லை. சொன்னால் இருந்துவிடுவான், இருந்து தேய்ந்தே போய்விடுவான் என்று பயந்தாள். போய்விட்டால் தனக்கு வயதாகும்வரை திரும்ப மாட்டான் என்றும் பயந்தாள்.

ஜெகதீசன் போனதும் சாத்தாங்காட்டுக்கு ஆட்டோ பிடித்தாள். அலெக்ஸாண்டர் கம்பி எடை போட்டுக்கொண்டே விஷயத்தைச் சொன்னான். "அது ஹார்பர்ல கப்பலுக்கும் சுவத்துக்கும் நடுவுல தொங்கிகினு இருந்த ரப்பருக்கா. கப்பல் கப்பலா வந்து சாஞ்சிகினு கெடந்துச்சு. இப்போ யாரும் சாயலன்னதும் அதுக்கு பேஜாரா கீது போல."

கான்டெஸாவிலிருந்து அந்தப் பட்டையை உருவிவிட்டு வேறு போட்டாள். வண்டி அன்றே அடங்கிவிட்டது. உருவிய பட்டையையும் மிச்சக் கட்டையையும் வீட்டுக்குக் கொண்டுவந்து, கூடத்துச் சுவரில், ஒரு ஆள் தரையில் உட்கார்ந்தால் முதுகு படுகிற உயரத்தில் வரிசையாக போல்ட் அடித்து இறுக்கினாள்.

"இன்னாது, வூட்டுக்கு பம்பரா?" என்றான் மஜீது.

"ரெண்டு பேரும் முட்டிக்கினே கீறோம். நடுவுல ஒண்ணு கெடக்கட்டும்."

திங்கட்கிழமை பையைக் கட்டி வாசலில் வைத்துவிட்டு, ஷூ மாட்டுவதற்காக அவன் அந்தச் சுவரில் சாய்ந்தான். கடல் ஏறிக்கொண்டிருந்தது. கரையில் சாய்ந்த கப்பல் மாதிரி வீடு ஒருமுறை முனகிவிட்டு ஒரு சாண் மேலே எழும்பி, லேசாக ஆடியது. ஒரு காலில் ஷூவோடு மஜீது தூங்கிப்போனான். ஏஜென்ட்டிடமிருந்து போன் அடித்தது. இஷ்ரத் அதை எடுக்கவுமில்லை, அணைக்கவுமில்லை. அது அடித்து ஓயும்வரை பக்கத்தில் உட்கார்ந்து அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுப்பிவிட வேண்டுமோ என்று கை இரண்டுமுறை நீண்டு மடங்கியது. மறுநாள் எழுந்தவன் வாசலில் இருந்த பையை உள்ளே எடுத்து வைத்தான். சோறு கேட்டான், உட்கார்ந்து தின்றான்.

அதன் பிறகு அந்த வீடு ஆள் உயரம்வரை கடலோடு ஏறி கடலோடு இறங்குகிறது. கரண்ட் மீட்டர் பார்க்க வருகிறவர் அது இறங்கும்வரை எதிர்க்கடையில் டீ குடிக்கிறார். தண்ணீர்க் குழாய்க்கு பிளம்பர் லூர்து நீளமான டியூப் போட்டுக் கொடுத்துவிட்டார். உப்பு டப்பாவுக்காகச் சண்டை இன்னும் நடக்கிறது, ஆனால் யாரும் வெளியே நடந்து போய்விடுவதில்லை. மஜீது இப்போது பட்டறையில் போல்ட் முறுக்குகிறான்.

போன மாதம் மாத்தூரில் அக்கா வீட்டுக் கல்யாணத்துக்கு இஷ்ரத் தனியாகப் போனாள். போன கொஞ்ச நேரத்துக்கெல்லாம் தலை சுற்றியது. அங்கே தரை ஆடாமல் நின்றது. பிரியாணியைக்கூடத் தொடாமல் பஸ் பிடித்து வந்து சேர்ந்தபோது கடல் ஏறியிருந்தது, வாசல் எட்டாத உயரத்தில் நின்றது. மஜீது குனிந்து கை கொடுத்து அவளைத் தூக்கிவிட்டான்.