படம் எடுத்தவர்

பலகையில் ஒட்டியிருந்த அப்பாவின் படத்தை மகள் நகத்தால் பெயர்த்துக்கொண்டிருந்தபோது நூலகர் ஓடிவந்து அவள் கையைப் பிடித்தார்.

"என்னம்மா பண்றீங்க? பத்து மணிக்குக் கண்காட்சி திறக்கணும்."

"அப்பா வரமாட்டார். விடிகாலைல அம்மா போயிட்டாங்க."

நூலகர் கையை விட்டார்; படத்தை விடவில்லை.

"தலைமாட்டுல வைக்க அம்மா படம் வேணும். படம் இல்லாம அம்மாவ எடுக்க விடமாட்டேன்னு சித்தி வாசல்ல நாற்காலி போட்டு உக்காந்துட்டாங்க."

வீட்டில் படமே இல்லாமலில்லை. அடையாள அட்டையில் ஒன்று இருந்தது, போலீஸ் தேடுகிற ஆள் மாதிரி. ஒரு கல்யாணப் படத்தில் அம்மாவின் முழங்கை மட்டும் இருந்தது. மற்றதெல்லாம் நாவலாசிரியரின் வாழ்வும் எழுத்துமாக இங்கே வந்துவிட்டன. அப்பா எழுதுகிறார். எழுதுவதுபோல் யோசிக்கிறார். யோசிப்பதுபோல் நிற்கிறார். மூன்று அறைகளிலும் அம்மா இல்லை.

கைபேசி அடித்தது. சித்தி.

"எங்கடி இருக்க? வண்டி வந்தாச்சு. சுவர் சுவரா உங்கப்பா பல்லக் காட்டுறாரே, எங்கக்கா ஒண்ணுலகூடவா இல்ல?"

"கிடைச்சிருச்சு சித்தி."

நூலகர் எட்டிப் பார்த்தார். "இதுல சார் மட்டும்தானே இருக்காரு?"

"காலடியில பாருங்க."

வெயிலில் கண்ணைச் சுருக்கிச் சிரிக்கும் நாவலாசிரியரின் செருப்பை நோக்கி ஒரு நிழல் நீண்டிருந்தது. தூக்கிய இரண்டு முழங்கைகள், சரிந்த கொண்டை. கீழே, நூலகரே தட்டச்சு செய்து ஒட்டிய குறிப்பு: 'எழுத்தாளர், தன் வீட்டு வாசலில். படம் எடுத்தவர்: தெரியவில்லை.'

நூலகர் அதை இரண்டு முறை படித்தார். பிறகு மேசைக்குப் போய்க் காகிதம் வெட்டும் கத்தியை எடுத்துவந்து படத்தின் ஓரத்தில் நுழைத்துப் பெயர்த்தார்.

வீட்டில் சித்தி படத்தைப் பிடுங்கிப் பார்த்தாள். "ஏன்டி, போனது எங்கக்காவா, உங்கப்பாவா?"

மகள் படத்தை வாங்கி அப்பாவிடம் நீட்டினாள். அம்மாவின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"நிழல் விழுது, தள்ளி நில்லுன்னு எத்தன தடவ சொல்லிருப்பேன்" என்றார்.

அவர் படத்தை முழங்காலில் வைத்து, தன் செருப்புக்குச் சற்றுக் கீழே மடித்தார். மடிப்பை நகத்தால் அழுத்தித் தேய்த்தார். சிரிப்பவர் பின்பக்கம் போய்விட்டார். மிச்சத்தை எழுந்து போய் அம்மாவின் தலைமாட்டில் சாய்த்து வைத்தார்.

சித்தி நாற்காலியை வாசலிலிருந்து நகர்த்திப் போட்டாள்.