சுனில் மஹத்தயா

சுந்தரலிங்கத்தைத் தூக்கிக்கொண்டு நான்கு இளைஞர்கள் காட்டுப்பாதையில் ஓடினார்கள். இரண்டு தடிகளில் ஜக்கெட்டுகளைக் கோத்து ஒரு நிமிடத்தில் தூக்குப்படுக்கை செய்திருந்தார்கள். அந்த வேகத்தையும் ஒட்ட வெட்டிய தலைமயிரையும் கண்டதுமே, லீவில் வந்த ஆமிக்காரர் என்று மகள் கௌரிக்கு விளங்கிவிட்டது. அப்பாவின் மூக்குக்கண்ணாடியைக் கையில் பிடித்தபடி பக்கத்தில் ஓடினாள். அம்மா நாகேஸ்வரி பின்னால் பனிமூட்டத்துக்குள் எங்கோ வந்துகொண்டிருந்தாள்.

வெசாக் லீவுக்கு ஹோட்டன் சமவெளி பார்க்கப் போவோம் என்றது அப்பாதான். கொழும்பில் குண்டு வெடித்ததிலிருந்து வெள்ளவத்தை வீட்டுக்குள் அடைந்து கிடந்து அவருக்கு அலுத்துவிட்டது. ஆனாலும் ஆள் பயந்தாங்கொள்ளி. தெஹிவளை ஸவாஹிரின் வானை வாடகைக்குப் பிடித்தவர், ஏறியதும் சட்டம் போட்டார். வழியில் தமிழ் கூடாது. கௌரி ‘டடி’ என்றுதான் கூப்பிட வேண்டும். யாரும் பேர் கேட்டால் அவர் சுனில், சிங்களப் பேர்.

“சுனில் எண்டால் ஒருத்தரும் திரும்பிப் பாக்க மாட்டினம்,” என்று சிரித்தார். இருபத்தேழு வருடமாகப் புருஷன் பேரை வாயால் சொல்லாத நாகேஸ்வரிக்கு எந்தப் பேரென்றாலும் ஒன்றுதான்.

‘உலக முடிவு’ என்ற மலை விளிம்புக்கு அரை மைல் இருக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். ஓடி வந்தவர்களில் ஒருவன் சிங்களத்தில் அவருடைய பேரைக் கேட்டான். பாடம் ஒப்பிப்பதுபோல் கௌரி சுனில் என்று சொல்லிவிட்டாள்.

அம்மா வந்து சேர்ந்து வான் புறப்பட்டபோது அவனும் கூடவே ஏறிக்கொண்டான். தன் பேர் ருவன் என்றான். அப்பாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டான். நினைவு தப்ப விடக்கூடாது, பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்றான். சிங்களத்தில் ‘ஐயா’ சேர்த்துக் கூப்பிடத் தொடங்கினான்.

“சுனில் மஹத்தயா... சுனில் மஹத்தயா...”

நுவரெலியாவுக்கு வளைவுகளில் இறங்கும் ஒரு மணித்தியாலப் பாதை. வானை ஓட்டிய ஸவாஹிர் பின்பார்க்கும் கண்ணாடியில் கௌரியைப் பார்த்தார். சரியான பேர் அவருக்கும் தெரியும். கண்ணைப் பாதைக்குத் திருப்பிக்கொண்டார். ஒரு சொல் சொன்னால் போதும். இவ்வளவு நல்லவனுக்கு ஏன் பயப்படுகிறேன் என்று அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது. ஆத்திரம் வந்தும் சொல் வரவில்லை. “டடி,” என்றாள், பிறந்ததிலிருந்து அவரைக் கூப்பிட்டிராத சொல்லால். அம்மா அவர் காலைத் தேய்த்தபடி, வழக்கமாகக் கூப்பிடுவதுபோல், “இஞ்சேருங்கோ,” என்றாள். அது அவளுக்கே கேட்டிருக்காது.

ஒரு தடவை அப்பா கண்ணைத் திறந்தார். யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று பார்ப்பவர்போல வானுக்குள் ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு மூடிக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில், உயிர் வழியிலேயே போய்விட்டது என்று டாக்டர் சொன்னார். கிளாக்கர் அடையாள அட்டை கேட்டார். கௌரி எடுத்து நீட்டினாள். அவர் அதிலிருந்த பேரைச் சத்தமாக வாசித்து வாசித்து எழுதினார்.

ருவன் அவள் பக்கம் திரும்பினான். ஏன் பொய் சொன்னாய் என்று கேட்பான், கத்துவான் என்று காத்திருந்தாள். கத்தினால் நல்லது என்றும் இருந்தது. அவன் பேரை இன்னொரு தரம் சொல்லச் சொன்னான், அவ்வளவுதான். சொன்னாள்.

அவன் கட்டிலருகே போய், அவருடைய காதுப் பக்கம் குனிந்தான்.

“சுந்தர... லிங்கம் மஹத்தயா.”

கொஞ்சம் பொறுத்து, இன்னொரு தரம் கூப்பிட்டான்.