வீடு சும்மா இருக்கிற சத்தம்

கண்ணாடிப் பெட்டியின் மேல் விரலால் தட்டினால்கூட உள்ளே இருக்கும் குழந்தைக்கு அது இடி மாதிரி கேட்கும் என்று ஒலிக்காரி சொல்லியிருந்தாள். அதனால் அந்த வார்டில் எல்லோரும் திருடர்கள் போல நடந்தார்கள். ஒலிக்காரி என்பது நர்ஸுகள் வைத்த பெயர். குறைமாதக் குழந்தைகளை இயந்திரங்களின் அலறல் என்ன செய்கிறது, அதற்குப் பதிலாக அவர்களுடைய வீட்டுச் சத்தத்தைக் கேட்க வைத்தால் என்ன ஆகும் என்று ஆராய்கிறவள். "பேச்சு வேண்டாம், பாட்டு வேண்டாம். வீடு சும்மா இருக்கற சத்தம் போதும். ஒரு மணி நேரம் பதிஞ்சு கொடுங்க" என்று எல்லாப் பெற்றோரிடமும் கேட்டாள்.

அவர்களில் ஓர் அம்மாவின், ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்ட மகள் அடிக்கடி மூச்சுவிட மறந்துபோனாள். திரையில் மூச்சைக் காட்டும் கோடு படுத்துவிடும். நர்ஸ் பெட்டிக்குள் கையை விட்டுப் பாதத்தைச் சுண்டினால் திடுக்கிட்டு மறுபடி தொடங்குவாள். தொடர்ந்து ஐந்து நாள் மறக்காமல் இருந்தால்தான் வீட்டுக்கு விடுவார்கள்.

அந்த அம்மாவின் கணவன் சொன்னதைச் சொன்னபடி செய்கிறவன். சாப்பாட்டு மேசையில் போனைப் பதிவில் வைத்து, வீட்டைப் பூட்டிக்கொண்டு, ஒரு மணி நேரம் தெருமுனையில் நின்றுவிட்டு வந்தான்.

"உங்க வீட்டு ஃபேனுக்கு ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டா சொத்தா அழிஞ்சிடும்?" என்றாள், பதிவைப் பெட்டியருகே ஓட்டிய நர்ஸ். "வார்டே அது கத்தறதக் கேட்டுதான் தூங்குது."

ஒன்பதாம் நாள் காலை ஒலிக்காரி ஒரு தாளோடு வந்தாள்.

"அக்கா, பதிவுல இருபத்து மூணாவது நிமிஷத்துலேர்ந்து எட்டு நிமிஷம், பாப்பா ஒரு தடவகூட மறக்கல. எப்ப ஓட்டினாலும் அப்படித்தான். அப்ப வீட்ல யார் இருந்தாங்க?"

"யாரும் இல்லம்மா. பூட்டிட்டுப் போயிட்டாரு."

ஒலிக்காரி ஹெட்போனைக் கழற்றி அம்மாவின் காதில் வைத்தாள். ஃபேனின் கிறீச்சு. குழாய்ச் சொட்டு. எங்கோ ஒரு பஸ். பிறகு சமையலறைப் பக்கமிருந்து செருப்புச் சத்தம், இடது காலை லேசாகத் தேய்த்துக்கொண்டு, அவசரமே இல்லாமல். மேசையருகே வந்து நின்றது. நாற்காலி இழுபட்டது. அப்புறம் ஒன்றுமில்லை. யாரோ உட்கார்ந்திருக்கும்போது மட்டும் வருகிற ஒன்றுமில்லை. எட்டு நிமிடம் கழித்து நாற்காலி பழைய இடத்துக்குப் போனது.

மாலையில் கணவன் கேட்டுவிட்டு, "பக்கத்து வீட்டுல நடந்திருப்பாங்க" என்றான்.

"மாடியில நாம மட்டும்தானே இருக்கோம்."

"அப்ப எலியா இருக்கும்."

"எலி நாற்காலிய இழுத்துப் போட்டு உக்காருமா?"

சிரிக்கத் தொடங்கியவன் பாதியில் நிறுத்திக்கொண்டான்.

மறுநாள் ஒலிக்காரி அந்த எட்டு நிமிடங்களை வெட்டி எடுத்துவிட்டு மீதியை மட்டும் ஓட்டினாள். எடுத்துப் பார்த்தால்தானே ஆராய்ச்சி. மதியத்துக்குள் குழந்தை மூன்று முறை மறந்தது. மூன்றாவது முறை பாதத்தைச் சுண்டியும் மூச்சு திரும்பவில்லை. மூக்கில் சிறிய ஆக்ஸிஜன் முகமூடியை அழுத்த வேண்டியிருந்தது. நீலம் பாய்ந்த உதடுகள் சிவக்கும்வரை அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"திருப்பிப் போடுங்க" என்றாள்.

"யாருன்னே தெரியாம எப்படிக்கா?"

"யாரா இருந்தா என்ன. அத மட்டும் போடுங்க. திரும்பத் திரும்பப் போடுங்க."

ஐந்து நாட்கள் கோடு படுக்கவே இல்லை. வீட்டுக்குப் புறப்படும்போது அம்மா பதிவின் நகல் ஒன்று கேட்டாள். ஒலிக்காரி அவள் கண்ணைப் பார்க்காமல் சொன்னாள்: "இனி எதுக்குக்கா பதிவு? வீடே இருக்கே."

வீடு ரொம்ப அமைதியாக இருந்தது. கணவன் ஃபேனுக்கு எண்ணெய் விட்டிருந்தான். கட்டிலடி, பரண், அலமாரி எல்லாவற்றையும் குடைந்து பார்த்திருந்தான். நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மூலையில் தள்ளியிருந்தான்.

குழந்தையைக் கூடத்துத் தொட்டிலில் கிடத்தி அரைமணிகூட ஆகவில்லை, போர்வை அசைவது நின்றது. பாதத்தைச் சுண்டினாள். ஒருமுறை. இரண்டாவது முறை. மூன்றாவதில் மகள் திடுக்கிட்டு மூச்சை இழுத்தாள். ஆஸ்பத்திரி முக்கால் மணி நேரத் தொலைவு.

"நீங்க கொஞ்ச நேரம் தெருமுனையில நில்லுங்க" என்றாள் கணவனிடம்.

"என்ன பேசற நீ?"

"அன்னிக்கு மாதிரியே. பூட்டிட்டுப் போங்க."

அவன் அவளையும் தொட்டிலையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு சாவியை எடுத்தான்.

பூட்டு விழுந்ததும் ஒரு நாற்காலியை இறக்கி, தொட்டிலைப் பார்க்கத் திருப்பி வைத்தாள். தான் தரையில் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். வளையல்களைக் கழற்றி மடியில் வைத்தாள். கண்களை மூடி, அங்கே இல்லாதவள் மாதிரி இருக்க முயன்றாள். குழாய் சொட்டியது. எங்கோ ஒரு பஸ் போனது. சமையலறைப் பக்கம் காதை வைத்து, தன் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.